சாம்பல் தண்ணீரில் வெளுத்த சட்டை

முதலாளி, என் அம்மாவின் கைகள் வெந்து போனதற்கு நீங்கள்தான் காரணம். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லாச் சாமானுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு பன்விலத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தினமும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, உங்கள் பலசரக்குக் கடையில் சாமான் கட்டிக் கொடுத்தார். கடையில் நிற்கிறவன் வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும் என்பது உங்கள் சட்டம். சட்டையை நீங்கள் வாங்கித் தரவில்லை. அதைத் துவைக்கச் சோப்புத்தூளும் தரவில்லை.

சோப்புத்தூள் விலை ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் கடைகளில் கிடைக்காமலே போனது. அப்பா அதற்கெல்லாம் கலங்கவில்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்தார். எங்கள் அடுப்பில் எரிவது மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி. அந்தச் சாம்பலைப் பழைய சேலைத் துண்டில் மூட்டையாகக் கட்டி, வாளிக்கு மேல் தொங்கவிட்டு, சுடுதண்ணீர் ஊற்றினார். பால் ஊற்றாத தேத்தண்ணீரின் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது.

"பாத்தியா? இனி நாம சோப்புக்குக் காசு குடுக்கப் போறதில்ல" என்றார், ஏதோ ஃபக்டரியே திறந்துவிட்டவர் மாதிரி.

அம்மா சோறு வடித்த கஞ்சியை எடுத்து வைத்துச் சட்டைக்கு விறைப்பும் ஏற்றினார். லயத்தில் பக்கத்து வீடுகளிலும் சாம்பல் மூட்டைகள் தொங்கத் தொடங்கின. எல்லோரும் அப்பாவிடம் வந்து பக்குவம் கேட்டார்கள். நான் பெருமையில் மிதந்தேன்.

ஆனால் கழுத்துப் பட்டியில் இருந்த அழுக்கு போகவில்லை. சட்டை நாளுக்கு நாள் பழுப்பேறியது. நீங்கள் கல்லாவில் இருந்துகொண்டு, ஆட்கள் கேட்க ஒன்று சொன்னீர்கள். அப்பா அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"என்னப்பா, இது சட்டையா, புள்ளையாருக்குச் சாத்துன துணியா? நாளைக்கு வெள்ளையா வா. இல்லாட்டி வராத."

அம்மா சிரிக்கவில்லை. எங்கள் லயத்தில் எது இல்லாவிட்டாலும் வெற்றிலைச் சுண்ணாம்பு இருக்கும். சுவருக்கு அடித்தால் சுவர் வெளுக்கிறது, சட்டை வெளுக்காதா என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கட்டிச் சுண்ணாம்பைச் சாம்பல் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்தார். தெளிந்ததும் சட்டையை ஊறப் போட்டு, வெறும் கையால் கசக்கினார்.

சட்டை வெளுத்தது. கண் கூசுகிற வெள்ளை. அப்பா மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினார்.

அம்மாவின் கை எரிந்தது. தேயிலை கீறியது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். வெளுக்கிறதே என்று அடுத்த முறையும் அப்படியே துவைத்தார். அதற்கடுத்த முறையும். பிறகு தோல் ஈரக் காகிதம் போல உரிந்து வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு, "சுண்ணாம்பும் சாம்பலும் சேர்ந்தா நெருப்பும்மா, யாரு சொன்னா ஒனக்கு?" என்று சத்தம் போட்டார்கள். கட்டுப் போட்ட கையால் கொழுந்து பறிக்க முடியாது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாதவருக்கு அன்றைய கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. நான் அம்மாவுக்குச் சோறு ஊட்டினேன்.

டிஸ்பென்சரியில் மருந்து தீர்ந்ததும் டவுனில் வாங்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். உங்களுக்கு நினைவிருக்கிறதா? கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் என்னை உட்கார வைத்தீர்கள். ஒரு டொஃபிகூடக் கொடுத்தீர்கள்.

அப்பா உங்களிடம் மெதுவாகக் கேட்டார். "மொதலாளி, ஒரேயொரு பக்கெட் சோப்புத்தூள் இருந்தாக் குடுங்க. சம்பளத்துல புடிச்சுக்கங்க. வீட்டுல கை வெந்து கெடக்கு."

"ஸ்டொக் இல்லையேப்பா. இருந்தா ஒனக்குக் குடுக்க மாட்டேனா?" என்றீர்கள். உங்கள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

சோப்புத்தூள் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்பா அந்த வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் "முடிஞ்சு போச்சு" என்றார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் கழிவறைக்குப் போகக் கடையின் பின்பக்கம் போனேன். பின்னறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளிருந்து மல்லிகையும் எலுமிச்சையும் கலந்த வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். சோப்புத்தூள் பெட்டிகள் கூரை வரைக்கும். கண்ணை மூடி அந்த வாசத்தை இழுத்துக்கொண்டே நின்றேன். எங்கள் வீட்டுத் துணியில் புகை வாசம் மட்டும்தான் இருந்தது.

அப்போது என் மண்டையில் தோன்றியது இதுதான்: பாவம், தன் கடையில் இவ்வளவு இருப்பது முதலாளிக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் உங்களிடம் சொல்லத் திரும்பினேன். பின்னால் அப்பா நின்றிருந்தார். என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

பஸ்ஸில் என்னால் வாயை மூட முடியவில்லை. "அப்பா, எவ்வளவு பெட்டி! மொதலாளிக்கிட்ட ஏன் சொல்லல?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வத்தேகமை ஊரைத் தாண்டும்போது என் காதருகே குனிந்தார். "அம்மாக்கிட்டச் சொல்லிறாத புள்ள."

அது எனக்கு உடனே விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பெட்டி வாங்கி வந்து திடீரென்று கொடுக்கப் போகிறார். இரகசியத்தை நான் காப்பாற்றினேன். தினமும் பஸ் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அப்பாவின் பையை வாங்கித் திறந்து பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி மட்டும் இருந்தது. நாளைக்கு வரும் என்று சிரித்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். கடையில் வந்து கேட்டவர்களையும் அவர் அப்படித்தான் பார்க்காமல் இருந்தார் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

விலை இன்னும் ஏறிய பிறகு, உங்கள் கடையில் சோப்புத்தூள் வந்துவிட்டது என்று போர்டு போட்டீர்கள்.

அம்மாவின் விரல்கள் இன்றும் முழுதாக மடங்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் சோப்பும் புத்தகப் பையும் கொடுக்கப் போகிறீர்களாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன். அன்று பார்த்ததை அப்பா இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் வாயால் சொல்லவும் மாட்டோம்.

மைக் உங்கள் கையில் இருக்கும். அன்றைக்கு ஸ்டொக் இருந்ததா, இல்லையா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கள்.