மணிலா அகத்தியும் மரியதாஸின் சந்தேகமும்

பூப் பார்க்க ஊட்டிக்குப் போகிறவர்கள் போகட்டும். நான் போனது நீடாமங்கலத்துக்கு. வங்கியில் என் பக்கத்து சீட்டுக்காரி ஸ்டெல்லா, "எங்க அக்கா வயல்ல மணிலா அகத்தி பூ எடுக்குது, சனிக்கிழமை மடக்கி உழுதுடுவாங்க" என்றாள். பூக்கத் தொடங்கியதும் சேற்றில் அமுக்கி உரமாக்குவதற்கென்றே வளர்க்கும் செடி! ஆடிக் கடைசி, இரண்டாம் சனி, வங்கி லீவு. விடுவேனா?

தஞ்சாவூரிலிருந்து காலைப் பாசஞ்சர், டிக்கெட் பத்து ரூபாய். நீடாமங்கலத்தில் இறங்கி ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, இருநூறு ரூபாய். "வயலுக்கா? அங்க பாக்க என்னங்க இருக்கு?" என்று ஆட்டோக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

ஸ்டெல்லாவின் அக்கா ஆரோக்கியமேரி வரப்பிலேயே நின்றிருந்தார், உழ வந்த டிராக்டரும் தயாராக நின்றது. செடிகள் என் உயரத்தைத் தாண்டியிருந்தன. இலைக்காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக. நுனியில் ஒற்றை இலை கிடையாது. பூ மஞ்சள். ஒரு பெரிய இதழ் மேலே விரிந்திருக்கிறது, இரண்டு பக்கவாட்டில், அடியில் இரண்டு சேர்ந்து படகாகிவிடுகின்றன. படகைப் பிரித்தால் உள்ளே பத்து மகரந்தக் கம்பிகள். ஒன்பது ஒட்டியிருக்க, ஒன்று மட்டும் கோபித்துக்கொண்டு தனியே நிற்கிறது. அவரைக் குடும்பத்தில் பலருக்கும் இந்த வீம்பு உண்டு.

ஆனால் நான் முக்கியமாக வந்தது தண்டைப் பார்க்க. பயறு வகைகளுக்கு வேரில்தான் முடிச்சு இருக்கும். இதற்குத் தண்டிலும் இருக்கிறது! அடியிலிருந்து மேலே வரிசை வரிசையாகப் பச்சைக் கொப்புளங்கள். தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பின்னால் சத்தம் கேட்டது.

"அண்ணி, டிராக்டரை நிறுத்துங்க. இத உழுதீங்கன்னா நோவு மண்ணுல எறங்கிடும். புடுங்கிக் கொளுத்துங்க."

பக்கத்து வயல்காரர், மேரியின் கொழுந்தனார் மரியதாஸ். அவர் குறுவை நெல் நட்டு ஒரு மாதம் ஆகிறது. மேரியோ உவர் ஏறி இரண்டு சம்பா விளைச்சல் பொய்த்த மண்ணைத் தேற்ற, இந்த வருடக் குறுவையையே விட்டுக்கொடுத்து இதை விதைத்திருந்தார். கொளுத்தினால் அத்தனையும் சாம்பல்.

"நோவு இல்ல தம்பி. காத்துல இருக்கற சத்தைப் புடிச்சு வைக்கிற முடிச்சு" என்றார் மேரி. நான் ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சு உயிரோடு வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா, ரத்தம் கட்டியிருக்கு!" என்றார் மரியதாஸ். டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார். போச்சுடா! சிவப்பைக் காட்டி நானே அல்லவா காரியத்தைக் கெடுத்துவிட்டேன்? மேரியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மேரி விறுவிறுவென்று மரியதாஸின் வரப்புக்குப் போய், அவர் போட்டிருந்த தட்டைப்பயறில் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரில் அலசி அவர் கையிலேயே கொடுத்தார். வேர் முழுக்க முடிச்சுகள்.

"கீறிப் பாருங்க."

கீறினார். அதே சிவப்பு.

"இது எப்பவும் இருக்கறதுதானே…"

"அப்ப உங்க பயறையும் கொளுத்திடலாமா தம்பி?"

மரியதாஸ் வேரிலிருந்த இன்னொரு முடிச்சையும் கீறிப் பார்த்தார். "காய்க்கிற செடியப் போயி புடுங்கிட்டீங்களே அண்ணி" என்று முனகிவிட்டு, டிராக்டர்காரரிடம் கையசைத்தார். எஞ்சின் உறுமியது. நான் ஆசைப்பட்டு வந்த மஞ்சள் பூக்கள் ஒவ்வொரு உழவுச் சாலாகச் சேற்றுக்குள் போயின. வருத்தம்தான், ஆனால் மேரி சிரிப்பதைப் பார்த்தபோது அது பெரிதாகத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பூ எடுத்த இரண்டு மூன்று நாளில் உழுதுவிடுவார்கள், முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வரப்பு வழுக்கும். தாமதமாகிவிட்டாலும் கவலைப்படாதீர்கள், மேரி வயலின் வடக்கு மூலையில் பத்துப் பன்னிரண்டு செடிகள் பூத்துக்கொண்டிருக்கும். கடைசிச் சாலுக்கு முன்னால் டிராக்டரை மறித்து நின்று, "இத விட்டுடுப்பா, எனக்கு வெதை வேணும்" என்று காப்பாற்றியவர் மரியதாஸ்.