அண்ணாச்சி, உள்ள வாங்க

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது. நைலான் கயிற்றுச் சுருள்மேல் உட்காருவார்களே தவிர, அந்த நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். காரணம் கேட்டால் கடைக்காரர் மகன் ஜெனிஷ் பேச்சை மாற்றிவிடுவான். நடந்தது போன வருஷம் மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது?

ஜெனிஷ் வீட்டார் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் பிறந்து வளர்ந்தது எல்லாம் ராயபுரம்தான். ஆனாலும் நாக்கு மட்டும் தாமிரபரணித் தண்ணீரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. காலை ஆராதனை முடிந்ததும் பிரியாணிப் பொட்டலத்தோடு மாடிக்கு ஏறிவிடுவான். கூடவே பெரியப்பா மகள் மகிமா வருவாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். வியாசர்பாடியிலிருந்து பீம்ராவ் வருவான். அவனுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. தொழிற்சாலையின் பேர் நமக்கு வேண்டாம். நாலாவது ஆள் எழில்மொழி, பீம்ராவின் பக்கத்து வீட்டுக்காரி. வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டாள். போனாலும் விடவில்லை. ஞாயிறு மதியம் ஜெனிஷின் போனுக்குக் கூப்பிடுவாள். ஸ்பீக்கரைப் போட்டு, அவள் வழக்கமாக உட்காரும் சிவப்பு நாற்காலியில் போனை வைத்துவிடுவார்கள்.

ஆட்டத்தின் பேர் 'காவலும் கண்ணியும்'. தேவதூதர்களும் பிசாசுகளும் மனித உருவத்தில் ஒரே ஊரில் நடமாடுவார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். வாயால் கதையை நகர்த்த வேண்டும், சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். கதை நடத்துகிறவன் ஜெனிஷ். அவனுக்கு அவர்கள் வைத்த பேர் கண்டக்டர். ஆட்டம் ஒரு மணி நேரம் நடந்தால் விதிச் சண்டை இரண்டு மணி நேரம் நடக்கும். இத்தனையும் நடப்பது ஒரு பலகைக்குக் கீழே. கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார், எல்லாப் பேச்சையும் அவர் கேட்கிறார் என்று எழுதி அப்பா மாட்டிய பலகை. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் மகிமா பிசாசுக்காகப் பகடை உருட்டுவாள்.

விதிகளில் மூன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காவல் தூதன் ஒரு மனிதனை ஆபத்திலிருந்து தடுக்கலாம், ஆனால் எதற்காகத் தடுக்கிறான் என்று சொல்லக் கூடாது. பிசாசு எதையும் பிடுங்க முடியாது, யாராவது வாயைத் திறந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஆட்டத்தோடு வந்தவை. மூன்றாவது பீம்ராவ் சேர்த்தது. அவன் தொழிற்சாலை வாசலில் தினமும் வெளியாட்கள் சிலர் காத்து நிற்பார்கள். ஷிப்ட் மணி அடிக்கும்போது, கான்ட்ராக்டர் கொடுத்த கார்டு வைத்திருக்கிற ஆள் வரவில்லை என்றால், காத்திருப்பவர்களில் முன்னால் நிற்கிறவனை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். இடம் காலியாக நிற்காது. இது நல்லா கீதே என்று சொல்லி, அவன் அதையே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தான். தூதன் ஒருவனைத் தடுத்தால், அவன் இடத்துக்கு வேறொருவன் போயாக வேண்டும். அந்தப் புது ஆளைக் கண்டக்டர் பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும்.

ஜெனிஷ் கூப்பிடுகிற ஆட்கள் எல்லாருமே அண்ணாச்சிகள். நரகத்து வாசலில் நிற்கிறவன்கூட அண்ணாச்சிதான். இதை வைத்து மற்ற மூவரும் அவனை ஓட்டாத வாரம் கிடையாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. பீம்ராவுக்கு இரண்டு மணி ஷிப்ட். ஒன்றேகாலுக்கு வண்டியை எடுத்தால்தான் எண்ணூர் போய்ச் சேர முடியும். அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போயிருந்தான். மூன்றாவது முறை என்றால் கார்டைப் பிடுங்கிக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் வீட்டில் சம்பளம் வருவது அந்த ஒரு கார்டில்தான். அதனால் சரியாகக் கிளப்பிவிடும்படி ஜெனிஷிடம் முதலிலேயே சொல்லிவைத்தான்.

பன்னிரண்டரைக்கு போன் அடித்தது. திரையில் 'எழில்' என்று வந்தது. ஜெனிஷ் ஸ்பீக்கரைப் போட்டு நாற்காலியில் வைத்தான்.

எழில் பேசினால் பின்னால் ஒரு ஊரே பேசும். ஹாஸ்டல் சமையலறை, வாளிச் சத்தம், எவளாவது ஒருத்தியின் பாட்டு. அன்று ஒன்றுமே இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"இன்னா எழிலு, ஹாஸ்டலே காலியா?" என்றான் பீம்ராவ்.

"ஆரம்பிக்கலாம்" என்றது போன்.

குரல் அவளுடையதுதான். ஆனால் எழில் அப்படிப் பேச மாட்டாள். வாயைத் திறந்ததும் யாரையாவது வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. உடம்பு சரியில்லையோ என்று ஜெனிஷ் நினைத்துக்கொண்டான்.

கதைப்படி பீம்ராவின் ஆள் ஒரு பாழடைந்த கட்டடத்தின் பாதாள அறைக்குள் இறங்க வேண்டும். எழிலின் பாத்திரம் அவனுடைய காவல் தூதன். ஜெனிஷ் இருட்டையும் ஏணியையும் விவரித்து முடித்தான். பீம்ராவின் ஆள் ஏணியில் கால் வைத்தான்.

"தடுக்கிறேன்" என்றது போன்.

எதற்கு என்று பீம்ராவ் கேட்டான். சொல்லக் கூடாது என்று பதில் வந்தது. தூதன் தடுப்பதற்குப் பகடையில் நாலு விழ வேண்டும். எழிலுக்காக மகிமா உருட்டினாள். பகடை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நாலு" என்றது போன்.

பகடை நின்றது. நாலு.

மகிமா ஜெனிஷைப் பார்த்தாள். குருட்டு அதிர்ஷ்டம் என்று அவன் தோளைக் குலுக்கினான்.

பீம்ராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. விரும்பி இறங்குகிறவனைத் தடுக்கத் தூதனுக்கு என்ன உரிமை என்று ஆரம்பித்தான். போன் விடவில்லை. அவன் ஒன்று சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் அதற்குப் பதில் வந்தது. எந்த விதி எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. கோபம் இல்லை, சிரிப்பு இல்லை. மகிமா விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். போன் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது.

ஜெனிஷ் நேரத்தைப் பார்த்தபோது ஒன்றரை தாண்டியிருந்தது. "ஏல, கார்டு போயிரும், ஓடு" என்று பீம்ராவை எழுப்பினான்.

பீம்ராவ் சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தான். எதைத் தேடுகிறான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"சாவி கிடைக்காது, பீம்ராவ். உக்காரு" என்றது போன்.

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

எழில் அவனை ராவு என்பாள், கோபம் வந்தால் சோம்பேறி என்பாள். முழுப் பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"எழிலு... வீடியோ கால் போட்டுக்கினு விளையாடுறியா?" பீம்ராவின் குரல் இறங்கிவிட்டது.

வீடியோ இல்லை. போனின் திரை கறுப்பாகக் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும் அழைப்புக்கு வருகிற வெளிச்சம்கூட இல்லை.

"விதியை முடிங்க" என்றது போன். "அவன் இறங்கல. அவன் இடம் காலி."

பீம்ராவ் சுவரோடு ஒட்டி நின்றான். பழக்க தோஷமோ, பயமோ... அவன் வாயிலிருந்தே வந்தது.

"வேற ஒருத்தன் எறங்கணும். அதான் ரூலு."

"யாரு?"

ஜெனிஷ் ஆட்டத்தை இத்துடன் நிறுத்தலாம் என்றான்.

"யாரு?"

நாற்காலியின் பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீர் இருந்தது. அதில் சின்னச் சின்ன வளையங்கள்... யாரோ அந்த நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டிருப்பது போல.

மகிமா ஜெனிஷின் கையைப் பிடித்தாள். "சொல்லித் தொலைண்ணே."

"யாரு?"

சொன்னால் விட்டுவிடும். அவனுக்கு அவ்வளவுதான் தோன்றியது. வாயில் வந்த பேரைச் சொன்னான். வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே, சத்தமாக.

"வெள்ளத்துரை அண்ணாச்சி... உள்ள வாங்க."

டம்ளரில் தண்ணீர் அசைவது நின்றது.

"போதும்" என்றது போன். "சாவியை எடுத்துக்கோ."

பீம்ராவ் அசையவில்லை. ஜெனிஷ்தான் போனைத் தூக்கினான். அது பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது.

அடியில் சாவி.

மணி ஒன்று ஐம்பது.

பீம்ராவ் படிகளில் விழுந்தடித்து இறங்கினான். பேயா, எழிலின் குறும்பா என்று யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை, கார்டுதான் முக்கியம். ஆனால் அவன் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை ஆகிவிட்டது. அவன் இடத்துக்கு வெளியாள் ஒருவனை உள்ளே எடுத்துவிட்டார்கள். கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். நனைந்த கோழியாக ராயபுரம் திரும்பிவந்து, ஜெனிஷிடம் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தான்.

அப்போது பீம்ராவின் போன் அடித்தது. அவனோடு வேலை பார்க்கிற ஒருவர். நீ உயிரோடுதானே இருக்கிறாய் என்று கேட்டார்.

அன்று பீம்ராவின் ஷிப்டுக்கு நிலத்தடித் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்யும் வேலை. ஏணி வழியாக முதலில் இறங்குவது பீம்ராவ் என்று முந்தின நாளே முடிவாகியிருந்தது. அவன் இடத்துக்கு வந்தவர் இறங்கினார். உள்ளே விஷக்காற்று. தூக்கி வெளியே போட்டபோது உயிர் இல்லை.

செத்தவர் பேர் என்ன என்று பீம்ராவ் கேட்டான். கேட்டுவிட்டு ஜெனிஷைப் பார்த்தான். ஜெனிஷுக்குப் பதில் காதில் விழவில்லை. விழ வேண்டிய தேவையும் இல்லை.

மறுநாள் எழில்மொழி வேறொருத்தியின் போனிலிருந்து கூப்பிட்டாள். சனிக்கிழமை ராத்திரியே அவள் போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். இன்னும் அரிசிப் பைக்குள்தான் கிடக்கிறதாம். ஞாயிறு ஆட்டத்துக்கு வர முடியாமல் போனதற்கு அவள் பாட்டுக்குக் கெட்ட வார்த்தையில் வருத்தம் தெரிவித்தாள். ஜெனிஷ் தன் போனை எடுத்துப் பார்த்தான். ஞாயிறு மதியம் எந்த அழைப்பும் வந்ததாக இல்லை.

அது தூதன்தான் என்றாள் மகிமா. தடுத்தது, ஆனால் எதற்கென்று சொல்லவில்லை, விதி சரியாக இருக்கிறது என்றாள். ஜெனிஷுக்குப் பிசாசின் விதியும் சரியாகத்தான் பட்டது. அதுவாக எதையும் பிடுங்கவில்லை. கேட்டது. அவன் கொடுத்தான். நண்பன் பிழைத்தான் என்று மனசு சந்தோஷப்பட்ட ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தப் பேரை அதற்கு முன்னால் எங்கே கேட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை உடலைக் கொடுத்தார்கள். பீம்ராவ் போகாமல் இருக்க முடியாது என்றான். ஜெனிஷும் கூடப் போனான். எர்ணாவூரில் ஒரு சின்ன வீடு. வாசலில் ஷாமியானா. உள்ளே வெள்ளத்துரையின் மனைவி ஜெயக்கொடி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். இவர்கள் வெளியே ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நீலமேகம் என்ற பெரியவர். வெள்ளத்துரையோடு தினமும் தொழிற்சாலை வாசலில் காத்து நிற்கிறவர். அவராகவே பீம்ராவிடம் பேச ஆரம்பித்தார்.

அன்றைக்கு மழை என்பதால் ஆள் எடுக்க மாட்டார்கள் என்று வெள்ளத்துரை முடிவுகட்டிவிட்டாராம். மனைவிக்கு மீன் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாராம். இவரும் கூட நடந்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டார்கள்.

"இன்னும் பத்து நிமிஷம் கீது ரெண்டு மணிக்கு. சட்டுனு நின்னாரு. கம்பெனி கேட்டாண்டேந்து யாரோ கூப்புட்றாங்கன்னாரு. தூத்துக்குடி பக்கத்து ஆளுப்பா அவுரு. இருவது வருசமா இங்க எல்லாருக்கும் அவுரு வாடா போடாதான். நம்மள அண்ணாச்சின்னு ஒருத்தன் கூப்புட்றானே, ஊர்க்காரன் எவனோ உள்ள கீறான்னு சிரிச்சுகினே திரும்பிப் போனாரு. மொத ஆளா நின்னாரு."

பீம்ராவ் மெல்லக் கேட்டான். "உனுக்கு எதுனா கேட்டுச்சா நைனா?"

நீலமேகம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுச்சே. வாலிபப் பையன் குரலு. வெள்ளத்துரை அண்ணாச்சி, உள்ள வாங்கன்னு. போயி பாத்தா கேட்டுல அப்டி பேசுறவன் எவனுமே இல்ல. இப்பக் கேட்டாக்கூட கண்டுபுடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு அவர் ஜெனிஷ் பக்கம் திரும்பினார்.

"தம்பி யாரு? வந்ததுலேந்து ஒண்ணுமே பேசல?"

ஜெனிஷ் எழுந்தான். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் இல்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்தான்.