ரெண்டு எஞ்சினும் ஒரு டாங்கியும்

மருமகன் என் வீட்டு மேசையில் விரித்துவைத்த ரெண்டு கடதாசியும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. வழவழவென்று, கலர்ப் படம் போட்ட கடதாசி. ஒன்றில், மீன்பிடிப் போட்டின் பின்பக்கத்தில் பெரிய எஞ்சின் ஒன்று தொங்கியது. மற்றதில் கொஞ்சம் சின்னதாக ரெண்டு, பக்கத்துப் பக்கத்தில். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். தமிழையே நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் படம் பார்க்கப் படிப்பு வேண்டாம். "ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் ஓமெண்டாத்தான் வாங்குவன்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மருமகன் வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.

ரெண்டு பேர் என்றால் நானும் அவருடைய அம்மாவும். அவர்கள் திருகோணமலைப் பக்கம், கடல் தொழில் செய்கிற குடும்பம். கண்டி மார்க்கெட்டுக்கு மீன் லொறியில் வந்துபோன பிள்ளை, பக்கத்துக் கடையில் வேலைசெய்த என் மகளைக் கண்டு, வீட்டுக்கு வந்து கேட்டு, கட்டிக்கொண்டு போனார். சம்பந்தி கண் ஒப்பரேஷனுக்காகக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து, ஹந்தானையில் என் வீட்டில் பதினைந்து நாள் தங்கியிருந்த நேரம் அது. என்னை 'மச்சாள்' என்று கூப்பிடுவார். சம்பந்திமார் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வது அவர்கள் பக்கத்து வழக்கம். முதலில் எனக்கு ஒருமாதிரி இருந்தது. பிறகு பிடித்துப்போனது. என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இந்தக் குளிரில மனுசர் இருப்பினமோ மச்சாள்?" என்பார். "உங்க ஊரு வெயில்ல கருவாடுதான் இருக்கும்" என்று நான் சொன்னால், கட்டுப்போட்ட கண்ணோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

நான் ரெண்டு எஞ்சின் படத்தில் விரலை வைத்தேன். யோசிக்கவே இல்லை. முன்பு பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்த காலையில் அங்கே இருந்தது ஒரே ஒரு லொறி. அது ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு பேர் தள்ளினார்கள், பிறகு எட்டுப் பேர் தள்ளினார்கள். அது உறுமிக் கிளம்பியபோது அவர் போய்விட்டார். ஒன்று நின்றால் இன்னொன்று வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சம்பந்தி ஒற்றை எஞ்சின்தான் நல்லது என்றார். பாரம் குறைவு, எண்ணெய் குறைவாகக் குடிக்கும், சின்னப் போட்டில் ரெண்டைப் பூட்டினால் பின்பக்கம் தாழ்ந்துபோகும் என்றெல்லாம் சொன்னார். நான் விடவில்லை. "நடுக்கடல்ல அது நின்னா?" என்றேன். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு மெல்லச் சொன்னார். "ஒரு எஞ்சினோட போறவனுக்குப் பயம் இருக்கும் மச்சாள். நிண்டாலும் துடுப்புப் போட்டு வாற தூரத்திலதான் தொழில் செய்வான். இவன்ர அப்பா அப்பிடித்தான் இருந்தவர். ரெண்டாவது எஞ்சின் பூட்டின பிறகு அந்தப் பயம் விட்டுப்போச்சு. எவ்வளவு தூரம் போனவர், எந்த எஞ்சின் நிண்டது எண்டு சொல்ல ஆள் திரும்பி வரேல்ல."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். கங்காணிக்கே எதிர்த்துப் பதில் சொன்னவள் நான், மூடுவேனா? "பயத்த நம்பிப் பிள்ளையக் கடலுக்கு அனுப்புவீங்களா சம்பந்தி? நான் எஞ்சினை நம்புறேன்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "உங்கட வீட்டில இருந்து, உங்கட கையால சாப்பிட்டுக்கொண்டு, உங்களோட சண்டை பிடிக்க மாட்டன். ஆனா ரெண்டெண்டா, எண்ணெய் டாங்கியும் ரெண்டா இருக்கட்டும்" என்றார்.

மருமகன் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு டாங்கி வைச்சா வலையை எங்க வைக்கிறதம்மா? உங்கட மடியிலயோ?"

நான் சிரித்துவிட்டேன். "ஒரே பானைச் சோத்த நாமெல்லாம் திங்கலையா? ஒரு டாங்கி போதும்" என்றேன். சம்பந்தி சரி என்று சொல்லாமல் கடதாசி ரெண்டையும் மடித்து வைத்தார். "போய் வாங்குங்க தம்பி, ரெண்டு பேருக்கும் சரிதான்" என்று சொன்னது நான்.

ஏழெட்டு மாதம் ரெண்டும் நன்றாக ஓடின. "முந்திப் போகாத தூரமெல்லாம் இப்பப் போறார்ம்மா" என்று மகள் போனில் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒரு காலை அதே போனில் அழுகை மட்டும் வந்தது. முந்தின நாள் திரும்பியிருக்க வேண்டிய போட்டு வரவில்லை. கண்டியில் பஸ் ஏறினேன். ஒரு எஞ்சின் நின்றிருக்கும், மற்றதில் மெதுவாக வந்துகொண்டிருப்பார் என்று தம்புள்ளை வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். தம்புள்ளைக்குப் பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

கடற்கரையில், கவிழ்த்துவைத்த ஒரு போட்டின் நிழலில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டீங்களோ மச்சாள்?" என்று மட்டும் கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் வேறொரு போட்டு மருமகனின் போட்டைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மருமகனுக்கும் கூடப் போனவருக்கும் உயிர் இருந்தது. உதடெல்லாம் வெடித்து, நடக்க முடியாமல், தூக்கித்தான் இறக்கினார்கள். மண்ணெண்ணெயில் தண்ணி கலந்திருந்ததாம். ஒரே டாங்கியில் இருந்து ரெண்டு எஞ்சினுக்கும் குழாய். ஒன்று இருமி நின்றது. அடுத்ததும் அதே தண்ணியைத்தான் குடித்தது, அதுவும் நின்றது. துடுப்புப் போட்டு வருகிற தூரமில்லை.

மருமகனின் பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "மலையில கொழுந்து பறிக்கிறவவிட்டக் கேட்டு எஞ்சின் வாங்கினா இப்பிடித்தான்." கரையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்த மனுஷன் சொன்னதில் பொய் இல்லையே.

மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த சம்பந்தி நிமிர்ந்தார். "அவவை ஏன் சொல்லுறியள்? பெடியன் ரெண்டு பேரிட்டயும்தான் கேட்டவன். ஒரு டாங்கி போதுமெண்டு நானும்தான் சொன்னனான்."

பெரியப்பா போட்டைக் கரையேற்றுகிற ஆட்களிடம் போய்விட்டார். மடியில் கிடந்த மருமகன் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியும்.

இப்போது அவர் ஒரு பெரிய எஞ்சினோடு போகிறார். பக்கத்தில் ஒரு சின்ன எஞ்சின் சும்மா தொங்குகிறது. அதற்குத் தனிக் கேன், தனி எண்ணெய். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நான் அங்கே போனேன், சம்பந்தி இங்கே வந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. 'பிழை என்னுடையது' என்று ஒரு சொல் சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை.

போன வருஷம் சம்பந்தி போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ரெண்டு பேரும் எதுக்கும் ஒரு சொல்தானே, அந்த எஞ்சின் வாங்கினது உட்பட" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். சம்பந்தி படுத்திருக்க, அவருக்கு முன்னாலேயே ஆட்டினேன்.

வயசு போய்விட்டது, இனியாவது சொல்லிவிடுகிறேன். கரையில் சொன்னாரே, என் வீட்டில் அவர் அப்படிச் சொல்லவில்லை. ரெண்டு டாங்கி வேண்டும் என்றுதான் சொன்னார். ஒன்று போதும் என்று சொன்னது நான் ஒருத்திதான்.