பாலிகைச் சட்டியில் புல்

எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடினால் அடுப்பும் நானுமாகக் குசினிக்குள் போய்விடுவேன். ஆனாலும் புல்லைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து நோர்பரியில் இருந்தோம். கணவரின் தங்கைக்கு ஐப்பசியில் கலியாணம். முளைப்பாலிகை போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஐந்து மண்சட்டிகளில் நவதானியம் விதைத்து, முளைத்த பயிரை மணவறையில் வைக்க வேண்டும். பயிர் செழித்தால் குடும்பம் செழிக்கும் என்பார்கள். செழிக்காவிட்டால் யாரைச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

குளிர் என்று பதினாறு நாள் முன்னதாகவே விதைத்தேன். நாலாம் நாள் கிண்டிப் பார்த்தால் பயறும் உளுந்தும் அழுகி மணத்தன. நெல் போட்டபடியே கிடந்தது.

கணவர் தன் வான் வண்டியை நிறுத்தி நிறுத்தி வாசல் புல்தரையில் ஒரு பக்கத்தை மொட்டையாக்கியிருந்தார். அந்த இடத்தில் தூவ வாங்கிய, ரை என்ற புல்லின் விதைப் பெட்டி படிக்கட்டின் கீழ் இருந்தது. குளிரிலும் ஒரு கிழமை, ஏழே நாளில் முளைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் விதையை ஊறவைத்து, ஐந்து சட்டியிலும் தூவி, சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலுமாரிக்குள் வைத்தேன். முளை தெரிந்ததும் யன்னலடிக்கு மாற்றினேன். கலியாணத்தன்று பச்சைப் பசேலென்று நின்றது.

"மச்சாள், நெல்லு என்ன வடிவா வந்திருக்கு! உங்கடை கைராசிதான்," என்றாள் மணப்பெண். நான் குசினிக்குள் போனேன்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய் சட்டிகளருகே குனிந்தார். வன்னியில் வயல் செய்த குடும்பம். ஓர் இலையைக் கிள்ளி வருடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதென்ன நெல்லு, பிள்ளை?"

"கடையிலை வாங்கின நெல்லுத்தான், மாமி."

"நெல்லெண்டா சுணைக்கும். இது வழுக்குது. இஞ்ச பார், இலையின்ரை முதுகு எண்ணெய் பூசினமாதிரி மினுங்குது. அடித்தண்டு வேறை சிவப்பு."

ஐயர் இரண்டடி தள்ளி இருந்தார். குரலைத் தாழ்த்தினேன்.

"புல்லு, மாமி. வாசலுக்குப் போடுற புல்லு. தானியமெல்லாம் அழுகிப்போச்சு."

மாமி ஐயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குளிருக்கை முளைச்சிருக்கே, அது காணும், வேறை வேண்டாம். ஐயரிட்டை மூச்சு விடாதை. மிச்ச விதை கிடக்கோ? செவன் கிங்ஸிலை எங்கடை வீட்டு முன்பக்கமும் மொட்டைதான்."

"ஓம் மாமி, அரைப்பெட்டி கிடக்கு."

ஐயர் சட்டிகளுக்குப் பூப் போட்டார். தாலி ஏறியது.

மறுநாள் காலை மாமி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து விதை முழுவதையும் கொட்டிக்கொண்டு போனார். மத்தியானம் கணவர் வாசல் மொட்டையில் தூவ விதைப் பெட்டியைத் தேடினார்.