குசினியில் நடந்த பேச்சுவார்த்தை

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தொழிற்சங்கம் என்ற சாமானும் புதிதாக வந்திறங்கியது. அதை முதலில் வீட்டுக்குத் தூக்கிவந்தவர்களில் என் கணவரும் ஒருவர். அன்றிலிருந்து தொழிலாளர் உரிமை பற்றி நாள் முழுக்கக் கதைத்தார். சரி, இனிமேல் எனக்குத் தேங்காயாவது திருவித் தருவார் என்று நம்பினேன். உரிமை துறைமுக வாசலைத் தாண்டி எங்கள் வீட்டு வளவுக்குள் வரவேயில்லை.

அந்த நாட்களில்தான், எங்கள் வேலிக்குப் பின்னால் குடியிருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவருடைய காலில் பெட்டியொன்று விழுந்து நசுக்கியது. இனிச் சுமக்க ஏலாது என்று துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று சின்னப் பிள்ளைகள். அவருக்கு ஓரிடத்தில் இருந்து செய்கிற வேலை ஏதாவது தரவேண்டும், துரையும் வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொல்லி, ஆட்கள் சாமான் இறக்காமல் கடற்கரையில் குந்திவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் திரும்பாவிட்டால் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டுத் தோப்பூரிலிருந்து ஆள் எடுப்போம் என்றார் துரை. ஆள் எடுக்கவேண்டிய கங்காணி வேறு யாருமில்லை, என் அக்காவின் கணவர்.

இரண்டு வீடும் ஒரே வளவு. அத்தானும் என் கணவரும் கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அக்கா பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள்; அத்தானுக்குச் சாப்பாடு என் வீட்டில்தான். சமைக்கவும் சாப்பிடவும் ஒரே குசினி, இருக்க இரண்டு கதிரை, ஆளுக்கொரு சுவரைப் பார்த்த முகம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கோபித்துக்கொண்டவர்கள் நடுவில் ஒருவரை வைத்துத்தான் கதைப்பார்கள். பக்கத்தில் இருந்து கத்தினாலும், நடுவில் இருப்பவர் திருப்பிச் சொன்னால்தான் மற்றவர் கேட்டதாகக் கணக்கு. அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

"வெள்ளைக்காரன்ர சப்பாத்துத் துடைக்கிற ஆளிட்ட எங்களுக்கு என்ன கதை எண்டு கேளும்" என்றார் கணவர்.

அத்தானின் காது சிவந்தது. நான் அவர் பக்கம் திரும்பி, "அத்தான், துரையோட கதைக்கக்கூடிய ஆள் இஞ்ச நீங்கள் ஒராள்தானாம்" என்றேன்.

கணவர் வாயைத் திறந்தார். அதை மறுப்பதென்றால் அத்தானோடு நேரே கதைக்கவேண்டும். மானம் விடவில்லை. சொதியை ஊற்றிச் சோற்றைக் குழைத்தார்.

"ஆள் எடுக்காட்டில் என்ர வேலையும் போகும் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அத்தான்.

அதில் நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கணவரின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது. ஒரு பக்கம் அக்காவின் பச்சைக் குழந்தை, மறுபக்கம் வேலிக்குப் பின்னால் அந்த மூன்றும். எவர் வென்றாலும் அழுகை கேட்கப்போவது எங்கள் வளவில்தான்.

"துரை வந்து மன்னிப்புக் கேக்காமல் ஒருத்தரும் வேலைக்கு இறங்கமாட்டினம் எண்டு சொல்லும்" என்றார் கணவர், முன்னைவிட மெதுவாக.

"கால் நசிஞ்ச அந்த மனுசனை வாசல் கேற்றடியில காவலுக்கு இருத்தினால் போதுமாம், எல்லாரும் இறங்குவினமாம்" என்று சொன்னேன்.

கணவருக்குப் புரைக்கேறியது. தண்ணீர் கொடுத்தேன்.

அத்தான் சுவரைப் பார்த்தே சொன்னார்: "கேட்டுப் பாக்கலாம். துரை ஓம் எண்டுவார் எண்டு நான் சொல்லேலாது."

"துரையிட்ட ஓம் எண்டு வாங்கித் தாறாராம்" என்றேன் கணவரிடம். இந்தமுறை தண்ணீர் அத்தானுக்கு.

இருவரும் கை கழுவி எழுந்தார்கள். தாங்கள் சொல்லாத வாக்குக்கு இருவருமே கட்டுப்பட்டுவிட்டார்கள். அத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு துரையின் பங்களாவுக்குப் போனார். கணவர் கடற்கரைக்குப் போனார். திங்கட்கிழமை காலை அந்த மனிதர் ஊன்றுகோலைச் சாத்திவைத்துவிட்டுத் துறைமுக வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். அவருடைய மனைவி வேலிக்கு மேலால் என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன்.

பின்னேரம் கடற்கரையில் வெற்றிக் கூட்டம். ஒற்றுமையால் வென்றோம் என்று கணவர் முழங்கினாராம். முன்வரிசையில் இருந்து அத்தான் கைதட்டினாராம். பெண்களுக்கு அங்கே அழைப்பில்லை.

இருவரும் சிரித்துக் கதைத்தபடி ஒன்றாகச் சாப்பிட வந்தார்கள். "சகலன், அந்தச் சம்பலை இஞ்சால தாரும்" என்றார் கணவர். அத்தான் எடுத்துக் கொடுத்தார். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அந்த வேலைநிறுத்தத்தில் வேலை போனது எனக்கு மட்டும்தான். அதைப் பற்றிச் சங்கம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.