அத்தைக்கு மட்டும் வராத மெட்ராஸ் ஐ

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தால் பார்த்தவருக்கும் வந்துவிடும் என்பதில் கோட்டைக்குப்பத்தில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஒன்பது வயதில் எனக்கும் கிடையாது. எளாவூருக்குக் கல்யாணத்துக்குப் போன சித்தப்பா இரண்டு கண்ணும் சிவந்து வந்து நின்றபோது, எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பாவம், சுவரைப் பார்த்துத்தான் அவரோடு பேசினோம்.

பயப்படக் காரணம் இருந்தது. ஏரியில் இறால் சேரும் இடங்களில் வலை போட எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறை உண்டு. அதைப் பாடு என்போம். அடுத்த வாரம் எங்கள் பாடு. படகில் போகிறவர்கள் படுத்துவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வேறு.

நைனா தீர யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "வந்தவன் கண்ணாடி போட்டுனு இன்னா பிரயோஜனம்? வராதவன் போடணும். அப்பதான் பார்வை பாயாது." சித்தப்பாவின் மூக்கிலிருந்து கூலிங் கிளாஸ் கழன்றது. வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அடுத்து யாருக்கு ஆபத்தோ அவருக்கு அதை மாட்டுவது என்று முடிவாயிற்று. ஆபத்து யாருக்கு என்று சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யார் யாரை முறைக்கிறார்கள் என்று வீட்டில் எனக்குத்தானே தெரியும்!

அண்ணன் என்றேன். கண்ணாடி மாட்டினார்கள், கண் சிவந்தது. அம்மா என்றேன், அம்மாவுக்கும் வந்தது. நைனா என்றேன், தப்பவில்லை. ஆசைக்கு நானும் ஒருநாள் மாட்டிப் பார்த்தேன், எனக்கும் வந்தது. கண்ணாடி போன வழியிலேயே நோயும் போகிறது என்று ஒரு புத்திசாலிக்கும் உறைக்கவில்லை. "அவ வாய வெச்சா பலிக்குதுடா!" என்று தெருவே என்னைக் கண்டு ஒதுங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை மட்டும் கண்ணாடியைத் தொடவில்லை. நைனாவின் தங்கை அவர். மாமாவைக் கடல் கொண்டுபோனதிலிருந்து எங்களோடுதான் இருந்தார். "எனக்கு எதுக்குடி இந்த ஷோக்கெல்லாம்?" என்று சிரித்தார். படகு கிளம்பும்போது எதிரே வந்துவிடக் கூடாதென்று அடுப்படியிலேயே இருந்துவிடுகிறவர்.

பாடு நாளில் நைனா, சித்தப்பா, அண்ணன் மூவரும் எரியும் கண்ணோடு போய் வலை போட்டார்கள். கையில் வந்த முறையை விடுவார்களா? கூடை கூடையாக இறால் வந்தது. வினை கரையில் காத்திருந்தது. ஆறு சிவந்த கண்களைக் கண்டதும் வியாபாரிகள் பின்வாங்கிவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இறால் கெட்டால் அத்தனையும் மண். நைனா என்னை விரட்டினார். "ஓடு, அத்தைய கூட்டினு வா!"

"நானா? கரைக்கா?" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அத்தை வந்தார். அன்றைக்கு அவர் விற்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கூடையைச் சாய்த்துக் காட்டினார், அதட்டினார், அடிமாட்டு விலைக்குக் கேட்டவரை "போய்யா, போய் கருவாடு வாங்கிக்கோ" என்று துரத்தினார். கடைசிக் கூடையும் நல்ல விலைக்குப் போனது. நைனா வாய்பிளந்து நின்றார். கரையே அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வியாபாரி கேட்டார். "வூட்ல அல்லாருக்கும் வந்துகீது, உனக்கு மட்டும் எப்டிமா வரல?"

அத்தை வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். ஊரறிந்த நிபுணி நான் இருக்க, இதற்குப் பதில் சொல்ல வேறு ஆள் எதற்கு?

"அத்த மூஞ்ச யாருமே பாக்கமாட்டாங்க. அதான் வரல!"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். அத்தையின் கண்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. கரையில் அத்தனை பேர் பார்த்தால் வராமல் என்ன செய்யும்! "அத்தைக்கும் வந்துடுச்சி!" என்று தெருக்கோடி வரை கூவிக்கொண்டு ஓடினேன்.

காலையில் பார்த்தால் கண் பளிச்சென்று இருந்தது. எங்களுக்கெல்லாம் நாள்கணக்கில் இழுத்த நோய் அத்தைக்கு மட்டும் எப்படி ஒரே ராத்திரியில் இறங்கியது என்று நான் எவ்வளவோ யோசித்தும் பிடிபடவில்லை.