சாவி உள்ளே, சனம் வெளியே

சாவி வெட்ட வருகிறவர் நடந்து வருவார். சாவியை வாகனத்துக்குள் விட்டுப் பூட்டியவர் ஓடித்தான் வருவார்.

ஓடி வந்தவர் முதலில் என்னைப் பார்ப்பார். பிறகு என் தோளுக்கு மேலால் கடைக்குள் பார்ப்பார். "அண்ணை இல்லையோ?" என்பார். அண்ணை என்று அவர் தேடுவது என் கணவரை. அவர் வெளியே ஓட்டோவில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஓட்டோ ஓட்டத் தெரியும். பூட்டுத் திறக்கிறவள் நான்தான். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு சாவிக்கடையில் கூட்டித் துடைக்கப் போய், அங்கேயே தொழிலைப் பழகிக்கொண்டு வந்தேன். சண்டை முடிந்து நாங்கள் மன்னாருக்குத் திரும்பிய நேரம், பாதை திறந்து, ஊரெல்லாம் லீசிங்கில் வாகனம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

நீங்களும் ஒருநாளாவது பூட்டிய கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, உள்ளே தொங்கும் உங்கள் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பக்கத்தில் நின்ற சிலருக்கு நேர்ந்ததைக் கேட்டால் உங்கள் கவலை கொஞ்சம் குறையலாம்.

பாலத்தடியில்

நாங்கள் திரும்பி வந்து கொஞ்சக் காலம்தான். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அரசாங்கக் கந்தோர் அதிகாரியின் கார், தீவுக்கு வரும் பாலத்துக்குக் கிட்ட, சோதனைச் சாவடி தெரிகிற தூரத்தில் பூட்டிக்கொண்டு நின்றது. படம் எடுக்க இறங்கினாராம். காரைக் காட்டிவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். என் கணவரும் அவரோடு போய்விட்டார். நான் தனியே கதவு விளிம்பில் மரஆப்பைச் செருகி, நீளக் கம்பியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து சிங்களத்தில் ஓர் அதட்டல். திரும்பினேன். துவக்கோடு இரண்டு ஆமிக்காரர்கள். ஆளில்லாத கார், கையில் கம்பியோடு ஒரு பெண். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கையைத் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் கம்பி உள்ளே எதையோ தட்டியது. காரின் அலாரம் அலறத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு கண் இமைப்பில். நான் குப்புற மண்ணில் கிடந்தேன். யாரும் படுக்கச் சொல்லவில்லை. சத்தம் கேட்டால் என் உடம்பு தானாகப் படுத்துவிடும். தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தால், அந்த இரண்டு பேரும் என் பக்கத்தில் அதேமாதிரி மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறார்கள். அதில் ஒருவன் மிகவும் இளையவன். அவன் காதைப் பொத்தியிருந்தான். என் கண்ணை அவன் பார்த்தான், நான் அவன் கண்ணைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் எழும்பப் பயம். கையில் பிளேன்ரீக் கோப்பையோடு நடந்து வந்த அதிகாரி எங்கள் தலைமாட்டில் நின்று கேட்டார்: "ஏன் எல்லாரும் படுத்திட்டீங்க? அது என் கார் சத்தம்தானே!"

கோயில் தேங்காய்

திருக்கேதீச்சரத்தில் திருவிழா என்றால் வாகனம் விடும் இடத்தில் நான் பெட்டியோடு போய் நிற்பேன். அங்கே எப்படியும் யாராவது சாவியை உள்ளே விடுவார்கள். அன்று மத்தியானம் ஒரு பெண்ணின் கத்தல் கேட்டு ஓடினேன். முருங்கன் பக்கத்து வயற்காரக் குடும்பம். தாயும் தகப்பனும் அர்ச்சனைச் சாமான் எடுக்க இறங்கிய நேரத்தில், அழாமல் இருக்கட்டும் என்று குழந்தையின் கையில் கொடுத்த சாவியின் பொத்தானை அது அமத்திவிட்டது. நாலு கதவும் பூட்டு. கண்ணாடி எல்லாம் ஏற்றிக் கிடக்கிறது. உள்ளே குழந்தை வியர்த்துச் சிவந்து, அழுது அழுது சத்தம் குறையத் தொடங்கியிருந்தது. சத்தம் குறைவதுதான் எனக்குக் குலையை நடுக்கியது.

சுத்தியலை எடுத்தேன். தகப்பன் என் கையைப் பிடித்துவிட்டார். "அக்கா, கண்ணாடியை உடைச்சுப் போடாதேங்கோ, கார் மச்சான்ட! கம்பியால பாருங்கோ!" அந்த ஆள் கல்நெஞ்சன் இல்லை. பயத்தில் புத்தி ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு நின்றது. நாங்கள் இழுபறிப்படும்போதே தாய் அர்ச்சனைத் தட்டிலிருந்த தேங்காயை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. தேங்காய்த் தண்ணீர் மட்டும் வழிந்தது. அந்த அதிர்ச்சியில் அவர் என் கையை விட்டார். நான் பின்பக்கச் சின்னக் கண்ணாடியின் மூலையில் உளியை வைத்து ஒரே அடி.

குழந்தையைத் தூக்கித் தண்ணீர் தெளித்து, சீலைத் தலைப்பால் விசிறி, அது மறுபடி பெரிதாய்க் கத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தகப்பன் நிலத்தில் குந்தி விம்மி விம்மி அழுதார். அழுதுகொண்டே, "மச்சானுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "சாமிக்குத் தேங்காய் உடைக்கேக்க கண்ணாடியும் சேர்ந்து உடைஞ்சு போச்செண்டு சொல்லுங்கோ!"

வங்காலையில் ஓர் அடக்கம்

இது சவ வண்டிச் சமாச்சாரம். தேவாலயத்தில் பூசை முடிந்து சவப்பெட்டியை வெளியே கொண்டுவந்தால் வண்டி பூட்டிக்கிடக்கிறது, சாரதியின் சட்டைப்பையில் சாவி இல்லை. உள்ளேதான் விட்டுவிட்டார் என்று எல்லோரும் முடிவுகட்டி எனக்குப் போன் எடுத்தார்கள். நான் போய்ச் சேரும்வரை பெட்டியைக் கோயில் வாசலில் வாங்குப் பலகையின் மேல் வைத்துக்கொண்டு சனம் வெயிலில் நின்றது. பாதர் இரண்டாம் தரமும் செபம் சொல்லத் தொடங்கியிருந்தார். நான் வண்டியைத் திறந்தேன். உள்ளே தேடினோம். இருக்கையைத் தூக்கிப் பார்த்தோம். சாவி இல்லை.

அப்போது செத்தவரின் பெறாமகள், அவர் தம்பியின் பிள்ளை, மெதுவாகச் சொன்னாள்: கோயிலுக்குள் பெட்டியை மூடும் முன்னம் சாரதி அண்ணைதான் குனிந்து பூவெல்லாம் சரியாக்கினவர். சாரதியின் முகம் வெளுத்துப்போயிற்று. கடைசியில் பாதர் தலையை ஆட்ட, மூடியைத் திறந்தார்கள். செபமாலை சுற்றிய கைக்குப் பக்கத்தில், பூக்களுக்கு நடுவில், வண்டிச் சாவி. கூட்டத்திலிருந்து ஓர் "ஆ!" எழும்பியது. யாரும் கை வைக்கத் துணியாமல் நிற்கையில், அதுவரை தரையில் இருந்து ஓயாமல் அழுத மனைவி எழும்பி வந்து எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சிந்திவிட்டு என்னிடம் சொன்னாள்: "இரவல் வாங்கினா திருப்பிக் குடுக்காத மனுசன், பிள்ளை. இதையெண்டாலும் கையோட பறிச்சுப் போடு!"

மறிச்சுக்கட்டியில் ஒரு பின்னேரம்

புத்தளத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு, காடேறிப்போன சொந்தக் காணியைத் துப்புரவாக்க வந்திருந்தார் ஒரு ஹாஜியார். வேலையாட்களுக்குச் சமைக்க அரிசி, சர்க்கரை, வாழைக்குலை எல்லாம் வான் வண்டியின் பின்பக்கத்தில் இருந்தது. சாவியும் உள்ளே. பின்னேரம் போய்ச் சேர்ந்தேன். பழைய வான் என்பதால் தகட்டை இறக்கியதும் பூட்டு விட்டுவிட்டது. "திறந்தாச்சு ஹாஜியார்!" என்று திரும்பினால் ஒருவரும் இல்லை. ஹாஜியார் இல்லை, வேலையாட்கள் இல்லை, என் கணவரும் இல்லை. தொழுகைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். என் மனுசன் எந்தத் தொழுகைக்குப் போனார் என்று யோசிக்கும்போதுதான் வானின் பின்னால் கொப்பு முறியும் சத்தம் கேட்டது. யானை.

வானுக்குள் ஏறி, நான் இப்போதுதான் பாடுபட்டுத் திறந்த பூட்டை நானே அமத்தினேன். சாவி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. ஆனால் அன்பான வாசகர்களே, எனக்கு வாகனம் திறக்கத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது. பின்கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. தும்பிக்கை உள்ளே வந்து இருக்கைகளுக்கு மேலால் தடவியது. அதன் மூச்சு என் பிடரியில் பட்டது. நான் இரண்டு கையாலும் ஹோனை அமத்திக்கொண்டு, தெரிந்த செபமெல்லாம் உரக்கச் சொன்னேன். அது அவசரப்படவில்லை. வாழைக்குலையை இழுத்தது, சர்க்கரைப் பையை இழுத்தது, வானை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போயிற்று. நான் இறங்கியபோது, பக்கத்துப் பாலை மரத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர் என் கணவர். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "கோவிக்காதீங்க தங்கச்சி. உங்களக் கூப்பிட்டிருந்தா அது எங்களப் பாத்திருக்குமே!"

நீல வான்

அடம்பன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கடைசிச் சண்டையின்போது சனம் விட்டுவிட்டு ஓடிய வாகனங்களை முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வெளியில் குவித்து வைத்திருந்தார்கள். பத்திரம் காட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படி மீட்டு, உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்த நீல வான் அவளின் வீட்டு வளவில் நின்றது. ரயர் இல்லை. பக்கமெல்லாம் ஷெல் பீஸ் பட்ட ஓட்டைகள். ஆனால் கண்ணாடிகள் மட்டும் தப்பியிருந்தன. உடைத்துத் திறக்கிறேன் என்று வந்த மெக்கானிக்கை அவள் விடவில்லை. "அவர் பூட்டினது. உடைக்க வேண்டாம்" என்றாள். அவர் என்றது அவள் கணவரை. அந்தக் கடைசி நாட்களில் காணாமற்போனவர்.

நான் கண்ணாடித் தூசியை ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளே பார்த்துவிட்டு, எல்லோரிடமும் வழக்கமாய்ச் சொல்வதையே சொன்னேன்: "சாவி உள்ளதான் கிடக்கு, அக்கா. யோசியாதேங்கோ." அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பயந்துபோனேன். "இருக்காது" என்றாள். "வானை விட்டிட்டு நடக்கேக்க பூட்டிச் சாவியைச் சேட்டுப் பொக்கற்றுக்க வைச்சவர். நான் பாத்தனான்." பிறகு அவளே கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். சாவி அங்கேதான் கிடந்தது. கேட்காமலே சொன்னாள்: பங்கர்க் குழிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு குழந்தை பாலுக்கு அழுததாம். பால்மாத் தகரப்பேணி வானுக்குள் விடுபட்டுப்போனது. எடுத்துக்கொண்டு வாறன் என்று போனவர்தான். வழியில் விழுந்தாரோ, வான் வரைக்கும் போனாரோ, யாரைக் கேட்டும் தெரியவில்லை.

நான் அந்தக் கதவைத் திறக்க எடுத்த நேரம் போல வேறெந்தக் கதவுக்கும் எடுத்ததில்லை. திறந்ததும் அடைத்துக்கிடந்த புழுக்கம் முகத்தில் அடித்தது. சாவி சாரதி இருக்கையில் கிடந்தது. பழைய வான், அவசரத்தில் சாவியைப் போட்டுவிட்டு, பூட்டை அமத்திக் கதவை அடித்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். அவள் சாவியைத் தொடவில்லை. பின்னிருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். சீலைகள், ஒரு சாமிப்படம், பிள்ளையின் செருப்பு என்று எல்லாவற்றையும் எடுத்து மண்ணில் வைத்தாள். மறுபடி துழாவினாள். நான் கம்பியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "பேணியைக் காணேல்லை, தங்கச்சி. அப்ப அவர் அதை எடுத்துக்கொண்டு எங்களிட்டைத் திரும்பி வரத்தான் வெளிக்கிட்டிருக்கிறார்."

ஆகவே, சாவியை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் அன்பர்களே, வெட்கப்படாமல் என்னைக் கூப்பிடுங்கள், அதைவிடப் பெரியவற்றை எல்லாம் உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தி வந்த சனம்தான் இந்தக் கரையில் பாதிப்பேர்.